பத்துக் கிலோவுக்குக் கீழே

வேலந்தாவளத்துக்கு இந்தப்பக்கம்
எடைமேடையில் எனக்கு இரவு டூட்டி.
எம்சாண்ட், ஜல்லி, தேங்காய்த் தொட்டி,
தார்ப்பாய் பறக்கிற வைக்கோல்
எல்லாம் என் ஜன்னலுக்கு முன்னால் நின்று
மூச்சு வாங்கிக்கொண்டு
கேரளத்துக்குள் போகும்.

நின்று போனதில் பாதி
என் மூக்கில் இருக்கிறது.

டியூப்லைட் அடியில் செல்போனைத் திருப்பிப் பிடித்தபோதுதான்
பார்த்தேன்.
மூக்கின் இரண்டு மடிப்பிலும் கன்னத்து மேட்டிலும்
பொடிப்பொடியாய்த் துளை,
ஆப்பம் வேகும்போது வருமே, அந்த மாதிரி.
பகல் டூட்டி ஜெசிந்தா
"ஆரஞ்சுத் தோல்" என்றாள்.
ஆப்பமாகவே இருக்கட்டும் என்றேன்.

பிறகு செய்ததையெல்லாம் சொல்ல வெட்கம்.
ஆவி பிடித்தேன், துளை திறக்குமாம்.
ஐஸ் வைத்தேன், மூடுமாம்.
எலுமிச்சை தேய்த்து எரிந்துபோய்
இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே ரசீது நீட்டினேன்.
மூக்கில் ஒட்டி உரிக்கிற கறுப்புப் பட்டை
நாலு பூனைமயிரையும் ஒரு சொட்டுக் கண்ணீரையும் எடுத்துக்கொண்டு
துளையை அங்கேயே விட்டுவிட்டது.
கடைசியில்
பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்று வாங்கினேன்.
அதுதான் தப்பு.

கொழிஞ்சாம்பாறையில் தோல் டாக்டர் பிந்துஜா.
பாதி மலையாளம், பாதி தமிழ்.
டோக்கன் நாற்பத்தொன்று.
லென்ஸ் வைத்து என் மூக்கைப் பார்த்தார்,
நான் டயரைப் பார்க்கிற மாதிரி.
"இதுக்கு வாதில் இல்லல்லோ" என்றார்.
"கதவு கிடையாது. திறக்காது, மூடாது.
எண்ணெய் வெளிய வர ஒரு வழி வேணுமில்ல?"
அப்போ?
"சின்னதாத் தெரிய வைக்கலாம்.
தெரிய மட்டும்."

சீட்டில் எழுதினார்.
நுரை குறைந்த ஃபேஸ்வாஷ்.
வெயிலில் இறங்குமுன் சன்ஸ்கிரீன்.
நியாசினமைடு தினமும்,
சாலிசிலிக் வாரத்துக்கு மூன்று ராத்திரி.
நகம் படக் கூடாது, அடியில் இரண்டு கோடு.
எட்டு வாரம்.

எந்த ராத்திரி என்று கேட்க விட்டுப்போயிற்று.
ஏழு மணி பஸ்ஸில் தூங்கி வழிந்து வந்து
ஜன்னலைச் சாத்தித் துண்டு தொங்கவிட்டு
அதற்கு ராத்திரி என்று பெயர் வைத்துப்
பூசிக்கொண்டேன்.

சன்ஸ்கிரீன் போட்ட முதல் விடியலில்
முகம் திருநீறாய்ப் பூத்தது.
"அக்கா மாவு மில்லுக்கு மாறிட்டீங்களா?"
நவ்ஷாத், ஜல்லி லாரி.
ரெண்டு டன் கூடுதல் லோடு தம்பி, என்றேன்.
சிரிப்பு நின்றுவிட்டது.

ஆனியில் காற்று வந்தது.
அத்தனை நீள மலையில் விட்டுப்போன
ஒரே இடைவெளி வழியாக,
அந்தப்பக்கத்து மழையை
வாசனையாக மட்டும் இங்கே தள்ளிக்கொண்டு.
அதற்கும் கதவில்லை.
யாரும் களிம்பு எழுதித் தரவில்லை.

எட்டாவது வாரம்
ஜெசிந்தா என்னை விளக்கடியில் நிறுத்தினாள்.
"குறைஞ்ச மாதிரி இருக்கு."
மாதிரியா?
"மாதிரிதான்."
அந்த மாதிரிக்கு ஆயிரத்து நானூறு ரூபாய்.
இருக்கட்டும்.
அடுத்த பாட்டிலும் வாங்கிவிட்டேன்.

நேற்று மூன்று மணிக்கு லாரியே இல்லை.
என் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும்.
டிரைவரின் சோற்று டப்பா,
வைக்கோலுக்குள் ஊர் மாறிப்போகிற பூனை,
டயர் இடுக்கில் வந்த கல்,
இதெல்லாம் அதற்குத் தெரியாது.

கண்ணாடியை எடுத்துப் போய்
மேடை நடுவில் மல்லாக்க வைத்துவிட்டு
உள்ளே வந்து பார்த்தேன்.
சைபர்.
நான் ஏறி நின்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.
அறுபது.
ஐம்பத்தாறாக இருக்கும், அறுபத்துமூன்றாக இருக்கும்,
சிவப்பு எழுத்தில் அறுபது.
இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்குள் வளைவில் ஹெட்லைட்.
ஓடி வந்து பேனாவைத் தேடி
வண்டி நம்பர் எழுதும்போதுதான்
ஞாபகம் வந்தது.

"என்னக்கா சத்தம்?"
ஒண்ணுமில்ல.
முன்னாடி வா, இன்னும் கொஞ்சம்,
பின்சக்கரம் ஏறட்டும்.

முப்பத்தெட்டு டன், நானூற்றுப் பத்து.